அண்ணன் காது காத்திருக்கும், தங்கை காது காத்திருக்காது

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஆறரை வயது மகனுக்கு இரண்டு காதுகளும் பக்கவாட்டில் விரிந்து நிற்கின்றன. பள்ளியில் பிள்ளைகள் 'சுளகுக் காது' என்று கூப்பிடுகிறார்கள். அவனுடைய அப்பாவுக்கும் அதே காதுதான். அறுவை சிகிச்சை செய்யலாமா, எந்த வயதில் செய்வது, என்னதான் செய்வார்கள், காது கேட்பது குறைந்துவிடுமா என்பவை அவருடைய கேள்விகள். 'பெரிய காது ராசியான காது, அதைப் போய் அறுப்பார்களா' என்று மாமியார் தடுக்கிறாராம். இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசி வரியில், பிறந்து இருபது நாளான மகளுக்கும் வலது காதின் மேல்விளிம்பு மடங்கித் தொங்குகிறது, அவளுக்கும் வளர்ந்த பிறகு அண்ணனைப் போலவே பார்த்துக்கொள்ளலாம்தானே என்று சேர்த்திருக்கிறார்.

பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் நெடுநாள் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கேள்விகளில் அவசரமானது அது ஒன்றுதான். மகனின் காதுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. மகளின் காதுக்கு மிஞ்சியிருப்பவை சில வாரங்களே.

கருவில் இருக்கும்போது தாயின் ஈஸ்ட்ரோஜன் குழந்தையின் உடலிலும் ஓடுகிறது. அதன் விளைவுகளில் ஒன்று, குழந்தையின் குருத்தெலும்பு களிமண்ணைப் போல் இளகி இருப்பது. பிறந்த முதல் சில நாட்களில் இந்த ஹார்மோனின் அளவு மிக அதிகமாக இருக்கும். பிறகு படிப்படியாக இறங்கி, ஏறத்தாழ ஆறு வாரங்களில் அடங்கிவிடும். அந்த இடைவெளிக்குள் மடங்கிய காதை விரித்து, சரியான வடிவில் இடைவிடாமல் பிடித்து வைத்தால், குருத்தெலும்பு அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். 1984-ல் ஜப்பானிய மருத்துவர் மாட்சுவோவும் அவருடைய குழுவினரும் இதை விளக்கிய பிறகே இந்த முறை பரவலாகக் கவனம் பெற்றது. நம் ஊரில் இன்னமும் பல பிரசவ வார்டுகளில் 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அது முழுக்கத் தவறான பேச்சு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் கருப்பையில் நசுங்கியதால் மடங்கிய காதுகளில் ஒரு பகுதி முதல் ஒரு வாரத்திற்குள் தானாகவே விரிந்துவிடும். ஆனால் இருபது நாளாகியும் விரியாத காது இனித் தானாக விரியும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

செய்முறை எளியது. குழந்தைகளுக்கு மூக்கு வழியாகப் பால் செலுத்தும் மெல்லிய குழாயில் ஒரு சிறு துண்டை வெட்டி, உள்ளே வளையக்கூடிய மெல்லிய கம்பியைச் செருகி, காதின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, மேல்விளிம்புக்கு உட்புறமுள்ள பள்ளத்தில் வைத்து, அதன்மேல் தோலை உறுத்தாத ஒட்டுப்பட்டைகளைப் போட்டுவிடுவோம். இதற்கென்றே தயாராக வரும் சாதனங்களும் உண்டு. விலைதான் கூடுதல், தத்துவம் ஒன்றே. வாரம் ஒருமுறை பிரித்துத் தோலைப் பார்த்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். பிறந்த முதல் வாரத்திலேயே தொடங்கினால் இரண்டு மூன்று வாரங்கள் போதும். இருபதாம் நாளுக்குப் பிறகு தொடங்கினால் ஆறு வாரம்வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். தோல் சிவந்து லேசாகப் புண்ணாவதுதான் இதில் அடிக்கடி வரும் தொல்லை. இரண்டு நாள் எடுத்துவிட்டால் ஆறிவிடும்.

பிள்ளையைக் குளிப்பாட்டும் பாட்டிமார் எண்ணெய் தடவி மூக்கை நீவிவிடுவதையும் தலையை உருட்டிவிடுவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். காதையும் அப்படி நீவினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இளகிய உறுப்பை வடிவாக்கலாம் என்ற அந்த எண்ணம் சரியானதே. ஆனால் கால் மணி நேரம் நீவிவிட்டு இருபத்துமூன்றே முக்கால் மணி நேரம் விட்டுவிட்டால் காது தன் பழைய மடிப்புக்கே திரும்பிவிடும். பிடித்த பிடி விடாமல் இருப்பதில்தான் சூட்சுமம். வீட்டிலேயே பிளாஸ்திரி ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம். கோணலாக ஒட்டினால் காது அந்தக் கோணலிலேயே இறுகும், குழந்தையின் தோலும் உரிந்து வரும்.

மகளின் காது மடங்கி மட்டும் இருக்கிறதா, அல்லது அளவிலும் சிறுத்து, பாகங்கள் குறைந்து இருக்கிறதா என்பதை மருத்துவர் நேரில் பார்த்தே சொல்ல முடியும். மடங்கியது விரியும், இல்லாதது இந்த முறையில் உண்டாகாது. காது மடலே சரியாக உருவாகாத பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் எட்டு அல்லது பத்து வயதுக்கு மேல், விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்துக் காதாகச் செதுக்கி வைக்கும் பெரிய அறுவை உண்டு. அது வேறொரு கதை, உங்கள் விவரணையைப் பார்த்தால் அதற்கு இங்கே இடமில்லை. எதுவானாலும், பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் செவித்திறன் பரிசோதனை அவளுக்கு ஆகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மகனுக்கு வருவோம்.

கண்ணாடி முன் உங்கள் காதையே பாருங்கள். வெளிவிளிம்பு ஒரு வரப்பைப் போல் சுற்றி வரும். அதற்கு உள்ளே, அதற்கு இணையாக, மேலே இரண்டாகப் பிரியும் இன்னொரு வரப்பு ஓடும். இந்த உள்வரப்பு என்பது உண்மையில் குருத்தெலும்புத் தகட்டில் விழுந்த ஒரு மடிப்பு. அந்த மடிப்புதான் காதின் மேற்பகுதியைத் தலையை நோக்கிப் பின்னால் சாய்க்கிறது. மடிப்பு சரியாக விழாத காது, மடிக்காத ஓலையைப் போல் விரிந்து நிற்கும். அடுத்த காரணம், காதுத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற பகுதி தேவைக்கு மேல் ஆழமாக இருப்பது. அப்போது முழுக் காதும் தலையிலிருந்து தள்ளி நிற்கும். பல பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். இது குடும்பத்தில் இறங்கி வரும் அமைப்பு, ஆகவே அப்பாவின் காது மகனுக்கு வந்ததில் வியப்பில்லை. கருவுற்றிருந்தபோது ஒருக்களித்துப் படுத்ததாலோ, பால் கொடுக்கும்போது காது மடங்கியதாலோ மகனுக்கு இப்படி ஆகிவிட்டது என்று யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மகனை உட்கார வைத்து, உள்வரப்பு இருக்க வேண்டிய இடத்தில் காதின் வெளிவிளிம்பை ஒரு விரலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அந்த மடிப்பு விழுந்தவுடன் காது அழகாகப் படிந்துவிட்டால், குறை பெரும்பாலும் மடிப்பில்தான் இருக்கிறது. மேல்பாகம் படிந்தும் நடுப்பாகம் முன்னால் தள்ளியே நின்றால், கிண்ணமும் ஆழம் என்று பொருள். நாங்களும் முதலில் செய்வது இதே சோதனைதான். பிறகு அளவுகோலை எடுப்போம். காதின் வெளிவிளிம்புக்கும் தலைக்கும் இடையே மேலே 10 முதல் 12 மி.மீ., நடுவில் 16 முதல் 18 மி.மீ., கீழே 20 முதல் 22 மி.மீ. இருப்பது வழக்கமான அமைப்பு. மேற்பகுதியிலும் நடுவிலும் 20 மி.மீ.யைத் தாண்டினால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு அது விரிந்த காதாகப் படத் தொடங்கும். நான் பார்த்த பெற்றோர்களில் சிலர் அளவுக்குள் இருக்கும் காதைக் காட்டியும் கவலைப்பட்டிருக்கிறார்கள். அங்கே காதைவிட ஒட்ட வெட்டிய முடிதான் காரணம். பள்ளிக்காக முடியை ஒட்ட வெட்டிய பையனும், எண்ணெய் வைத்து இழுத்து வாரி இரட்டைச் சடை போட்ட பெண்ணும் காதை எங்கே மறைப்பார்கள்?

வயதைப் பொறுத்தவரை, காது மடல் மூன்று வயதிலேயே பெரியவர்களின் அளவில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. ஆகையால் ஐந்தாறு வயதில் அறுவை செய்வதால் காதின் வளர்ச்சி தடைப்படுவதில்லை. பலரும் ஐந்து அல்லது ஆறு வயதைப் பரிந்துரைப்பதற்கு இரண்டு காரணங்கள்: அப்போது குருத்தெலும்பு இன்னும் மிருதுவாக இருப்பதால் தையலுக்கு எளிதில் வளைந்துகொடுக்கும், கேலி தொடங்கும் பருவமும் அதுதான். ஆனால் 'அதற்கு மேல் போனால் முடியாது' என்று ஒன்றும் இல்லை. கல்லூரி மாணவர்களுக்கும், திருமணம் நிச்சயமானவர்களுக்கும், நாற்பது வயதுக்காரர்களுக்கும் இதைச் செய்கிறோம். பெரியவர்களின் குருத்தெலும்பு விறைப்பானது என்பதால் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவே; அதற்கு ஈடாக, அவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு முடித்துவிடலாம்.

ஆகவே எப்போது என்பதை முடிவு செய்யப் பையனின் மனம்தான் அளவுகோல் என்பது என் கருத்து. உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் கூப்பிடுவதைச் சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் வருத்தத்தைச் சொல்லியிருக்கிறீர்கள், மாமியாரின் கருத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். அவன் என்ன சொல்கிறான் என்பதைச் சொல்லவில்லை. ஆறரை வயதுப் பிள்ளை தன்னைப் பற்றித் தெளிவாகச் சொல்லக்கூடியவன். கண்ணாடி முன் காதை அமுக்கிப் பார்க்கிறானா, புகைப்படம் எடுக்கும்போது ஒதுங்குகிறானா, பள்ளிக்குப் போக வயிற்று வலி என்கிறானா என்று கவனியுங்கள். அவனே 'என் காதைச் சரி செய்ய முடியுமா அம்மா' என்று கேட்டால், அறுவைக்குப் பின் கட்டுடன் இருக்கும் அந்த ஒரு வாரத்தை அவனே தாங்கிக்கொள்வான். பெற்றோரின் விருப்பத்திற்காக அழைத்து வரப்பட்ட பிள்ளை முதல் இரவிலேயே கட்டைப் பிய்க்கும். பிய்த்த கட்டு தையலையும் கூடக் கொண்டுபோகும். அவன் சுளகுக் காதுடன் சிரித்துக்கொண்டு திரிகிறவனாக இருந்தால், பத்து வயதில் மறுபடியும் கேளுங்கள். கேலி செய்யும் பிள்ளைகளைப் பற்றி வகுப்பு ஆசிரியரிடம் பேசுவதற்கு எந்த வயது வரம்பும் இல்லை, அதை நாளைக்கே செய்யலாம்.

மாமியாரின் தடைக்கும் ஒரு வார்த்தை. இந்த அறுவையில் காதை அறுத்துச் சிறிதாக்குவதில்லை. நீளமும் அகலமும் அப்படியே இருக்க, நிற்கும் கோணம் மட்டும் மாறுகிறது. ராசி அளவில்தான் இருக்கிறது என்றால் அதற்குப் பங்கம் எதுவும் வராது. உங்கள் பக்கத்து ஊர்களில் பாம்படமும் தண்டட்டியும் போட்டுத் தோள்வரை காது வளர்த்த பாட்டிமார்கள் இருந்தார்கள், அதுவே அன்று அழகாக இருந்தது; அடுத்த தலைமுறையில் கம்மல் போட வேண்டும் என்பதற்காகத் தொங்கிய சதையை வெட்டி ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள். காதுச் சோணையை ஒட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. அறுந்த காதைச் சேர்க்கப் பண்டைய இந்திய அறுவை மருத்துவர் சுசுருதர் பதினைந்து வழிகளை வகுத்திருக்கிறார். சோணையே இல்லாதவர்களுக்குக் கன்னத்துத் தோலைத் திருப்பி வைத்துச் சோணை செய்யும் வழியும் அவற்றுள் அடக்கம்.

விரிந்த காதை ஒடுக்கும் அறுவை அவ்வளவு பழையதல்ல. 1881-ல் நியூயார்க்கில் ஈலி என்ற மருத்துவர், ஒரு சிறுவனின் காதுக்குப் பின்னாலிருந்து தோலையும் குருத்தெலும்பையும் கீற்றாக வெட்டி எடுத்துத் தைத்தார். 1910-ல் லக்கெட் என்பவர்தான் குறை உள்வரப்பின் மடிப்பில் இருக்கிறது என்பதைக் கண்டுசொன்னார். ஆனாலும் வெட்டி மடித்த காதுகளில் கூரான விளிம்பு தெரிந்துகொண்டே இருந்தது. 1963-ல் ஸ்காட்லாந்தின் மஸ்டார்டே குருத்தெலும்பை வெட்டாமல் தையலாலேயே மடிப்பை உருவாக்கும் முறையை வெளியிட்டார். 1968-ல் ஃபர்னாஸ், ஆழமான கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்து, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் உறையோடு தைக்கும் முறையைச் சேர்த்தார். இன்று உங்கள் மகனுக்குச் செய்யப்போவது பெரும்பாலும் இந்த இரண்டின் கலவைதான்.

அறுவை அரங்கில் நடப்பது இதுதான். ஆறு வயதுப் பிள்ளை அசையாமல் படுத்திருக்க மாட்டான் என்பதால் முழு மயக்கம் கொடுக்கப்படும். காதை விரலால் மடித்து, மடிப்பு விழும் கோட்டை முன்புறத்தில் மையால் குறிப்போம். பிறகு நீல மை தொட்ட மெல்லிய ஊசியை அந்தப் புள்ளிகளின் வழியே முன்னிருந்து பின்னுக்குக் குத்தி எடுப்போம். காதின் பின்புறத்தைத் திறந்ததும், வெள்ளைக் குருத்தெலும்பில் அந்த நீலப் புள்ளிகள் எங்கே தையல் போட வேண்டும் என்று காட்டிக்கொண்டு நிற்கும். வெட்டு முழுவதும் காதுக்குப் பின்னால், காது தலையோடு சேரும் மடிப்புக்கு அருகில்தான். கரையாத நூலால் மூன்று நான்கு தையல்கள் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்கும்போது காதைத் திருப்பி முன்புறத்தைப் பார்த்துப் பார்த்து முடிச்சிடுவோம். விறைப்பான குருத்தெலும்பாக இருந்தால் அதன் முன்பரப்பில் லேசாகக் கீறிவிடுவதும் உண்டு. கீறிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குருத்தெலும்பு தானே வளையும் என்பதை 1958-ல் கிப்சன், டேவிஸ் இருவரும் விளக்கினார்கள். இரண்டு காதுகளுக்கும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

இந்த வேலையில் கை தேர்ந்தவருக்கும் தேராதவருக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் தெரியும். காதைத் தலையோடு ஒட்டவைத்துவிடுவது எளிது, ஆனால் அது தப்பு. நேராகப் பார்க்கும்போது வெளிவிளிம்பு உள்வரப்புக்கு அப்பால் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் விளிம்பு ஒரே நேர்கோடாக இறங்க வேண்டும். நடுப்பாகத்தை மட்டும் அதிகமாக இழுத்துவிட்டால் மேலும் கீழும் புடைத்து, பழைய டெலிபோன் ரிசீவரைப் பக்கவாட்டில் பார்த்தது போலாகிவிடும்; டெலிபோன் காது என்றே அதற்குப் பெயர். கிண்ணத்தைப் பின்னுக்கு இழுக்கும் தையலைக் கோணலாகப் போட்டால் காதுத் துளையின் வாய் குறுகும். கேட்கும் திறனைப் பற்றிய உங்கள் கவலைக்கு இந்த அறுவையில் இருக்கும் ஒரே தொடர்பு அதுதான், அதையும் பார்த்துப் போட்டால் தவிர்த்துவிடலாம். கேட்கும் கருவிகள் எல்லாம் செவிப்பறைக்கு உள்ளே இருக்கின்றன. மடலின் கோணம் மாறுவதால் கேட்பதில் குறை எதுவும் தெரியாது.

தழும்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் நிறத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. நம்மில் சிலருக்குக் காயம் ஆறிய இடத்தில் தழும்பு அடங்காமல் தடித்து வளரும். காது அதற்கு மிகவும் பிடித்த இடம். உங்கள் மகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியிருப்பீர்கள் அல்லவா? அந்தத் துளையைத் தடவிப் பாருங்கள். கட்டியாகத் தடித்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்திலோ, தடுப்பூசித் தழும்பிலோ, நெஞ்சுப் பகுதியிலோ அப்படி வளர்ந்திருந்தால், மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் அறுவையைத் தள்ளிப்போடவே சொல்வேன். தடித்த தழும்பைக் கரைக்கும் ஊசிகள் உண்டு என்றாலும், விரிந்த காதைவிட அந்தத் தழும்பு பெரிய தொல்லையாகிவிடலாம்.

மற்ற தொல்லைகளில் முதலில் கவனிக்க வேண்டியது இரத்தக் கட்டு. முதல் இரண்டு நாட்களுக்குள் ஒரு பக்கத்தில் மட்டும் வலி திடீரென்று ஏறினால், 'அறுவை செய்த இடம், வலிக்கத்தான் செய்யும்' என்று மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் தேங்கியிருக்கலாம். அன்று இரவே கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும், விட்டால் குருத்தெலும்பு கெட்டுக் காது சுருங்கிவிடும். சீழ் பிடிப்பது அரிது, பிடித்தால் பொல்லாதது. உள்ளிருக்கும் நூல் சில மாதங்கள் கழித்து வெளியே எட்டிப் பார்ப்பதும், காது கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்புவதும் சிலருக்கு நேரும். இரண்டு காதுகளும் நூலிழை பிசகாமல் ஒன்றுபோல் ஆகும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். யாருக்குமே பிறப்பில் அப்படி இருப்பதில்லை. மயக்கம் தெளிந்த பிறகு இந்த அறுவையில் பிள்ளைகளுக்கு வாந்தி சற்று அதிகம் வரும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

தலையைச் சுற்றிய கட்டு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும். பிறகு ஆறு வாரங்கள்வரை இரவில் மட்டும் மென்மையான தலைப்பட்டை அணிய வேண்டும், தூக்கத்தில் புரளும்போது காது முன்னால் மடங்கிவிடாமல் இருக்க. அதே ஆறு வாரமும் மல்யுத்தம், கபடி, பந்தைத் தலையால் முட்டுவது எதுவும் கூடாது. தலைவழியே இழுத்துப் போடும் பனியனுக்குப் பதில் முன்னால் பொத்தான் வைத்த சட்டைகளை எடுத்து வையுங்கள். முழு ஆண்டு விடுமுறை வசதியானதுதான், ஆனால் மே மாத வெயிலில் தலைக்கட்டுடன் பிள்ளை படும் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். அரையாண்டு விடுமுறையின் முதல் நாளில் செய்தால் பள்ளி திறப்பதற்குள் கட்டும் பிரிந்துவிடும், வேர்வையும் குறைவு.

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பை முடித்தவர்களும், இதில் பயிற்சி பெற்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. தனியாரிடம் போவதானால், அவர் செய்த காதுகளின் படங்களை முன்புறம், பின்புறம் இரண்டிலும் காட்டச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீடு அழகுக்கான அறுவை என்று பெரும்பாலும் இதைத் தள்ளிவிடும், ஆகவே எழுத்தில் கேட்டு வாங்காமல் அந்தப் பணத்தை நம்பி நாள் குறிக்க வேண்டாம். பசையும் இருபக்க ஒட்டுப்பட்டையும் காட்டி 'கத்தியின்றிக் காது ஒடுங்கும்' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மகளின் வயதில் வேலை செய்யும் அந்தத் தத்துவம் மகனின் வயதில் தோலைப் புண்ணாக்குவதோடு சரி.

மகனைப் பற்றி நிதானமாக யோசியுங்கள். மகளை இந்த வாரமே திருநெல்வேலியிலோ மதுரையிலோ காட்டுங்கள். தடையாக வரும் மெல்லிய முடியை அங்கேயே மழித்துவிட்டுக் கம்பியை வைத்துவிடுவார்கள், ஆகையால் காதைச் சுற்றி எண்ணெய் தடவாமல் அழைத்துச் செல்லுங்கள், எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டுப்பட்டை நிற்காது. குலதெய்வக் கோயிலில் அவளுக்கு மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நாள் பார்த்திருந்தால், பட்டை எடுத்து ஒரு மாதமாவது ஆன பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆசாரியிடம் கீழ்ச் சோணையில் மட்டும் குத்தச் சொல்லுங்கள், மேலே குருத்தெலும்பில் வேண்டாம்.